வலியில்லா நோயும் வழிகாட்டும் படமும்



தமிழில் 'கண்' என்னும் சொல்லுக்கு இரண்டு வாழ்வு உண்டு. முகத்தில் ஒளிரும் உறுப்பின் பெயராய் அது வழங்குவதை எல்லோரும் அறிவர். இலக்கணம் கற்றோர் அதன் இன்னொரு வாழ்வையும் அறிவர். ஏழாம் வேற்றுமையின் உருபாய் நின்று, ஒரு பொருள் இருக்கும் இடத்தை அது சுட்டுகிறது. காணும் உறுப்பும் இருக்கும் இடமும் ஒரே ஒலிக்குள் அடங்கியிருப்பது தற்செயலா, அன்றா என்பதை மொழிநூலார் ஆராயட்டும். இன்றைய உரைக்கு அச்சொல் ஒரு நல்ல வாயிலாக அமைகிறது. கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவி, பெரிய மருத்துவமனையின் இருட்டறையை விட்டு இறங்கி, நோயாளர் இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்திருப்பது கடந்த சில ஆண்டுகளின் செய்தியாகும். நீரிழிவு நோயால் விழித்திரைக்கு வரும் கேட்டை முன்கூட்டியே கண்டறிய உதவும் கையடக்கக் காமிராவே அக்கருவி.

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் மருத்துவக் கருவி பற்றிய பேச்சுக்கு என்ன வேலை என்ற வினா எழக்கூடும். வாசிப்பால் வாழும் ஓர் அமைப்புக்குக் கண்ணைப் பற்றிய பேச்சு அயலானதன்று என்பது ஒரு விடை. அதனினும் முதன்மையான விடை வேறொன்று உண்டு. இக்கருவி எவ்வளவு நுட்பமாய்ப் படம் எடுத்தாலும், அதனால் முடித்துவைக்க இயலாத ஒரு வேலை எஞ்சி நிற்கிறது. அது சொல்லின் வேலை. அந்த வேலை எது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அறிவிப்பின்றி வரும் கேடு

நீரிழிவு என்றும், மதுமேகம் என்றும், சர்க்கரை நோய் என்றும் தமிழர் வழங்கும் நோய் உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாக்குவது. சிறுநீரகத்திலும் நரம்பிலும் கண்ணிலும் அதன் தாக்கம் மிகுதி. கண்ணின் பின்சுவரில் மெல்லிய திரைபோல் படர்ந்திருப்பது விழித்திரை. வெளியுலகின் ஒளி வந்து விழுந்து உருவமாக மாறத் தொடங்கும் இடம் அதுவே. அத்திரைக்கு உணவூட்டும் குழாய்கள் முடியினும் மெல்லியவை. ஆண்டுக் கணக்கில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அக்குழாய்களின் சுவர் தளர்கிறது. தளர்ந்த இடங்கள் சிறு சிறு புடைப்புகளாகின்றன. படத்தில் அவை செம்புள்ளிகளாய்த் தோன்றும். பின்னர்ச் சுவர் கசிகிறது. கசிந்த கொழுப்புப் பொருள் மஞ்சள் திட்டுகளாய்ப் படிகிறது. விழித்திரையின் நடுவில், எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் மாகுலா என்னும் சிறு பகுதி உண்டு. கசிவு அங்கே தேங்கி வீக்கமானால் பார்வை மங்குகிறது.

கேடு இன்னொரு வழியிலும் வரும். குழாய்கள் பல அடைபட்டுப் போகும்போது, விழித்திரை உயிர்வளியின்றித் தவிக்கிறது. அத்தவிப்பில் அது புதுக் குழாய்களை வளர்க்கத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அவ்வாறு முளைக்கும் புதுக் குழாய்கள் உறுதியற்றவை, எளிதில் உடைபவை. ஒருநாள் அவை உடைந்து கண்ணின் உட்கூழில் குருதி பரவும்போது பார்வை திடீரென மறைகிறது. அவற்றோடு வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே பெயர்த்து இழுத்துவிடுவதும் உண்டு.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. செம்புள்ளி தோன்றும்போது வலிப்பதில்லை. குழாய் கசியத் தொடங்கும்போது கண் சிவப்பதில்லை. உடையும் தறுவாயில் உள்ள புதுக் குழாய்கள் பரவியிருக்கும் கண்ணாலும், மாகுலா கெடாமல் இருக்கும் வரையில், நாளிதழின் சிற்றெழுத்தைத் தடையின்றிப் படிக்க முடியும். எல்லாவற்றையும் காணும் கண் தன்னைத் தாக்கும் நோயை மட்டும் காண்பதில்லை. பார்வை மங்குகிறது என்று நோயாளரே உணர்ந்து மருத்துவரிடம் செல்லும் நாளில், பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அளவும் சிறிதன்று. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. 10 மாநிலங்களிலும் ஓர் ஒன்றிய ஆட்சிப் பகுதியிலும் நடைபெற்று 2022-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, 40 வயதும் அதற்கு மேலும் ஆன நீரிழிவாளரின் கண்களைப் படமெடுத்துப் பார்த்தது. 100 பேரில் 12 அல்லது 13 பேருக்கு விழித்திரை நோய் இருந்தது. 4 பேருக்கு அது பார்வையைப் பறிக்கும் நிலையை எட்டியிருந்தது. அந்த நால்வர் யார் என்பதை அவர்களுடைய முகம் சொல்லாது. அவர்களுடைய பார்வையும் சொல்லாது. நூறு பேரின் கண்ணுக்குள்ளும் ஒருவர் பார்த்தால்தான் அந்த நால்வரைப் பிரித்தறிய முடியும். இந்தச் சிக்கலுக்கு விடையாகவே காமிரா வந்தது.

கண்ணுக்குள் கண்ட வரலாறு

உயிருள்ள மனிதரின் கண்ணுக்குள் பார்ப்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. பாவை ஏன் கருப்பாய்த் தெரிகிறது? உள்ளே சென்ற ஒளி, வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண விரும்புபவர் தம் கண்ணை அவ்வழியில் வைத்தால், அவருடைய தலையே விளக்கொளியை மறைத்துவிடும். செருமனி நாட்டு அறிஞர் எர்மன் வான் எல்ம்ஹோல்ட்சு, ஒளியைச் சாய்த்து அனுப்பி அதே வழியில் பார்க்கும் உபாயத்தை 1850-இல் கண்டு, 1851-இல் அதை நூலாக வெளியிட்டார். விழியகம் காணும் கருவி பிறந்த கதை இது. சில ஆண்டுகளிலேயே, வியன்னாவைச் சேர்ந்த எதுவர்து யேகர், நீரிழிவு உடைய ஒருவரின் விழித்திரையில் தோன்றிய மாற்றங்களைப் பதிவு செய்தார். அறுக்காமல், கீறாமல், உயிரோடு ஓடும் குருதிக் குழாய்களைக் கண்ணால் நேராய்க் காணக்கூடிய இடம் விழித்திரை என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தது.

ஆயினும், மருத்துவர் கண்டது அவருடைய நினைவிலும் அவர் வரைந்த ஓவியத்திலும் மட்டுமே தங்கியது. சுவீடனைச் சேர்ந்த நார்டன்சன் வகுத்த முறையில் சைசு நிறுவனம் 1926-இல் விழித்திரைக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தபின், கண்டதைக் காட்டவும், இவ்வாண்டின் படத்தைச் சென்ற ஆண்டின் படத்தோடு ஒப்பிடவும் வழி பிறந்தது. பார்ப்பவர் வேறு, தீர்ப்புச் சொல்பவர் வேறு ஆகலாம் என்ற நிலைக்கு அன்றே வித்திடப்பட்டது எனலாம். இன்றைய கையடக்கக் காமிரா அந்த வித்தின் கனி.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? தீர்க்க வழி இல்லாத நோயைத் தேடிச் சென்று கண்டுபிடிப்பது நோயாளருக்கு அச்சத்தையே தரும். அந்த வழியும் ஒளியாலேயே பிறந்தது. 1945-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் தோன்றிய சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கி, விழித்திரையில் தீப்புண் பெற்றவர்களைச் செருமனி மருத்துவர் மேயர் சுவிக்கராத் கண்டார். அழிக்கும் ஒளியை அளவோடு செலுத்தினால் அதுவே விழித்திரைக்குத் தையல் போடும் அல்லவா என்று அவர் எண்ணினார். தொடக்கத்தில் சூரிய ஒளியையே பயன்படுத்திய அவருடைய முறை, பின்னர்ச் செனான் விளக்காகவும், 1960-இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்டதன்பின் லேசராகவும் வளர்ந்தது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒவ்வொரு நோயாளரின் ஒரு கண்ணுக்கு ஒளிச் சிகிச்சை அளித்து, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தனர். கடுமையான பார்வை இழப்பு, சிகிச்சை பெற்ற கண்களில் பாதிக்கும் கீழாய்க் குறைந்ததென்று 1976-இல் அவ்வாய்வு அறிவித்தது. இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரை நோய் தோன்றுவதும் முற்றுவதும் பெரிதும் தடைபடும் என்பதை 1993-இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் உள்ளன. மாகுலா வீக்கத்தில் அவை இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டுத் தரவும் கூடும். ஆனால் இவை யாவும், நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் சிறக்கும். காலம் கடந்தால் சுருங்கும். லேசர் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும். போன பார்வையைக் கொண்டு வராது.

பெயர்ப் பட்டியலின் வெற்றி

காமிராவால் ஒரு நாட்டின் நிலை மாறுமா என்ற வினாவுக்கு இங்கிலாந்து சான்று தருகிறது. 2003-இல் அங்கே நீரிழிவாளர்க்கான விழித்திரைப் படச் சோதனை நாடு தழுவிய திட்டமாய்த் தொடங்கியது. உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவே ஐம்பது ஆண்டுகளாய் முதற்காரணமாக இருந்த இங்கிலாந்திலும் வேல்சிலும், அது முதலிடத்தை இழந்தது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர் கூறினும், படச் சோதனையின் பங்கை அவர்கள் முன்னிறுத்தினர்.

அந்த வெற்றியில் காமிராவைப் போலவே பங்கு கொண்டது ஒரு பெயர்ப் பட்டியல். நீரிழிவு உடையோர் அனைவரின் பெயரும் ஏட்டில் இருந்தது. குறித்த காலத்தில் அழைப்புக் கடிதம் சென்றது. வராதவருக்கு மீண்டும் சென்றது. நோய் கண்டவருக்கு மருத்துவமனையில் இடம் ஒதுக்கப்பட்டது. அழைப்பதும், எடுப்பதும், படிப்பதும், அனுப்புவதும், சென்று சேர்ந்தாரா என்று கேட்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாய் இருந்தன. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயனற்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கையில் அடங்கிய காமிரா

இங்கிலாந்தின் வழியை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்க்க இயலாமைக்குக் காரணங்கள் உண்டு. மேசைமேல் நிற்கும் விழித்திரைக் காமிரா பல இலட்சம் ரூபாய் விலையுடையது, கனமானது, நிலையான அறையும் பயின்ற கைகளும் வேண்டுவது. கண் மருத்துவரோ பெரும்பாலும் நகரங்களில் உள்ளனர். வயல் வேலைக்கும் தறி வேலைக்கும் செல்பவர், வலியில்லாத கண்ணைக் காட்ட ஒருநாள் கூலியை இழந்து பேருந்து ஏறமாட்டார். ஆகவே, கண் காமிராவை நோக்கிச் செல்லும் முறையை மாற்றி, காமிரா கண்ணை நோக்கி வரும் முறையை வகுக்க வேண்டியதாயிற்று.

இதற்கான பயணத்தில் தமிழகத்துக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களை நிறுவியது. தேனி வட்டாரத்தில், கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர் துணையோடு அமைந்த நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்பின் வழியே, சிற்றூரில் இருக்கும் நோயாளரும் நகரில் இருக்கும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் திரையில் கண்டு பேசினர். சென்னையின் சங்கர நேத்ராலயா 2003 முதல் கருவிகள் பூட்டிய ஊர்தியைச் சிற்றூர்களுக்கு அனுப்பிற்று. ஊர்தி வந்து சேர்ந்த பாதையில், அடுத்து ஒரு கைப்பையே வந்து சேர்ந்தது.

கையடக்கக் காமிராவின் இயக்கம் நுட்பமானது. பாவை என்னும் சிறு வாயில் வழியாகவே ஒளி உள்ளே செல்லவும் வேண்டும். படம் வெளியே வரவும் வேண்டும். இரண்டும் மோதினால் கருவிழியின் முன்படலம் ஒளியைத் திருப்பி எறிந்து படத்தைக் கெடுக்கும். ஆகையால் ஒளியை ஒரு வளையமாகவோ ஓரமாகவோ செலுத்தி, படத்தை வேறு வழியே பெறுகின்றனர். ஒளி பட்டால் பாவை சுருங்கும்; அகச்சிவப்பொளிக்கு அது சுருங்காது. அதனால் பல கருவிகளில் அகச்சிவப்பொளியால் குறிபார்த்து, பாவை விழித்துக்கொள்ளும் முன் ஒரு மின்னொளியில் படம் பிடிக்கின்றனர். இவ்வாறாயின் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து பலருக்குத் தேவைப்படாது. சிறிய ஒளியுமிழ் விளக்கும், மின்கலமும், கைப்பேசியில் உள்ள காமிராவும் ஒன்றுசேர்ந்தமையால் இத்தனையும் ஒரு கையில் அடங்கின.

சிறியது நம்பத் தக்கதா என்ற ஐயத்தையும் சென்னையே சோதித்தது. டாக்டர் மோகன் நீரிழிவு மருத்துவமனையின் ஆய்வாளர், பெங்களூரில் உருவான கைப்பேசிக் காமிரா ஒன்றை 301 நீரிழிவாளரிடம் பயன்படுத்தி, அதே கண்களை மேசைக் காமிராவாலும் படமெடுத்து ஒப்பிட்டனர். பாவையை மருந்தால் விரித்து எடுத்த அப்படங்களில், மேசைக் காமிரா கண்ட விழித்திரை நோயில் 100-க்கு 92-க்கும் மேற்பட்டதைக் கைப்பேசிக் காமிராவும் கண்டது என்று 2015-இல் அறிவித்தனர். அடுத்து, அத்தகைய படங்களை மருத்துவர் இன்றிச் செயற்கை நுண்ணறிவு படிக்குமா என்று 296 பேரிடம் பார்த்தனர். பார்வையைப் பறிக்கும் நிலையில் இருந்த நோயில் 100-க்கு 99-ஐ அம்மென்பொருள் தவறவிடவில்லை என 2018-இல் வெளியான ஆய்வு கூறியது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்கு அமைப்பும், மருத்துவர் படிக்காமலே தீர்ப்பளிக்கும் இத்தகைய மென்பொருள் ஒன்றுக்கு முதன்முதலாய் ஒப்புதல் வழங்கியது. நூற்றில் நால்வர் என்ற கணக்கைத் தந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வும் கையடக்கக் காமிராவால் நடந்ததே. பயிற்சி பெற்ற களப்பணியாளர் மக்களிடமே சென்று எடுத்த படங்கள் அவை.

கருவியின் எல்லை

புகழ்ச்சி மட்டும் உண்மையாகாது. முதியோரின் பாவை சிறுத்திருக்கும், கண்புரை வளர்ந்திருக்கும். அவ்விரண்டும் படத்தை மங்கச் செய்யும். மங்கிய படத்தைப் 'படிக்க இயலாதது' என ஒதுக்கலாம். 'நோயில்லை' என ஒதுக்கக் கூடாது. அப்படத்திற்கு உரியவர் கண் மருத்துவரைக் காணவேண்டும். மாகுலாவின் வீக்கம் தடிப்பு சார்ந்தது. தட்டையான படம் அதைக் குறிப்பால் உணர்த்துமேயன்றி அளந்து காட்டாது. அதற்குக் குறுக்குவெட்டாய்க் காட்டும் ஓ.சி.டி. என்னும் கருவி வேண்டும். நோய் இல்லாதாரையும் ஐயுற்று அனுப்புவது மென்பொருளின் மற்றொரு குறை. 2018-ஆம் ஆண்டின் சென்னை ஆய்வில், நோயற்றோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவரை அம்மென்பொருள் நோயுடையவர் எனக் கருதியது. ஏழைக்கு அது ஒருநாள் கூலி இழப்பாகும்.

தாய்லாந்தில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர், தாங்கள் உருவாக்கிய மென்பொருளை அந்நாட்டின் 11 மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்து, கண்டவற்றை மறைக்காமல் 2020-இல் வெளியிட்டனர். முதல் ஆறு மாதங்களில் அனுப்பிய 1,838 படங்களில் 21 விழுக்காட்டை, தரம் போதாதென்று மென்பொருள் திருப்பிவிட்டது. பல நிலையங்களில் இருட்டறை இல்லை. இணைய இணைப்பு தளர்ந்திருந்தது. இவற்றைப் பொறியாளர் திருத்திவிடலாம். திருத்த அரிய ஒன்றும் அங்கே தென்பட்டது. 'நோய் இருக்கலாம்' என்று முடிவு வந்தால் தொலைதூர மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும் என்பதால், செவிலியர் சிலர் நோயாளருக்கு அத்தொல்லை வேண்டாம் எனக் கருதி, ஆய்வில் சேர வேண்டாம் என்றே கூறினர். அவர்கள் இரக்கமற்றவர் அல்லர். இரக்கத்தாலேயே அவ்வாறு கூறினர். படத்துக்கும் சிகிச்சைக்கும் இடையில் உள்ள தொலைவைக் கருவி குறைக்கவில்லை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

படத்துக்கும் சிகிச்சைக்கும் இடையே

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தை இயற்றுபவர் என்பன அவை. மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதாது. இடையில் நிற்கும் மனிதர் ஒருவர் வேண்டும் என்று வள்ளுவர் கண்டிருக்கிறார். கையடக்கக் காமிரா ஒருவர் கையில் அமரும்போது, அந்த நான்காமவரே அதை ஏந்துகிறார். அவர் மருத்துவர் அல்லர். பெரும்பாலும் ஊரறிந்த ஒரு பெண். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாய்ச் சென்று சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை தந்தோரும் அத்தகைய பெண் தன்னார்வலரே. கண்ணைப் படமெடுக்கும் கருவி செல்லத் தக்க பாதையை அவர்களுடைய கால்கள் முன்னரே வகுத்துவிட்டன.

அத்தகைய ஒருவர், தறியில் அமர்ந்திருக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் கண்ணைப் படமெடுத்தார் என்று கொள்க. அப்பெண் அறுந்த இழையைக் கண்ணாடியின்றி முடிபவர். படத்திலோ புதுக் குழாய்கள் தோன்றியுள்ளன. "நல்லாத்தானே தெரியுது, எதுக்குப் போகணும்?" என்பார் அவர். அவ்வினாவுக்குச் சொல்லப்படும் விடையில்தான் அவருடைய பார்வை தங்கியுள்ளது. "விழித்திரைப் பாதிப்பு கண்டறியப்பட்டுள்ளதால் உயர்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறீர்கள்" என்று அச்சிட்ட தாள் ஒன்று அவர் கையில் தரப்பட்டால், அது சாமி படத்தின் பின்னால் செருகப்படும். கருவி தன் கடமையைச் செய்தது. மென்பொருள் தன் கடமையைச் செய்தது. மருத்துவமனையில் லேசரும் ஆயத்தமாய் உள்ளது. எனினும் ஒரு கண் இருளும்.

இதில் மொழியின் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணில் புரை விழும் என்பது தமிழ் மக்கள் அனைவரும் அறிந்தது. 'புரை' என்ற எளிய சொல் வாய்த்ததால், அந்நோயைப் பற்றிப் பாட்டியும் பேரனும் பேச முடிகிறது. முகாமுக்குப் போய் அறுவை செய்தால் தெளியும் என்ற நம்பிக்கையும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விழித்திரை நோய்க்கு அவ்வாறு நாவில் புழங்கும் சொல் இல்லை. ஆகவே பார்வை மங்கிய நீரிழிவாளர், அதுவும் புரையாகத்தான் இருக்கும், முற்றட்டும், பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார். அல்லது கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறார். புரைக்குக் காத்திருக்கலாம், அறுவைக்குப்பின் பார்வை பெரும்பாலும் மீளும். விழித்திரைக்குக் காத்திருக்கலாகாது. பெயரற்ற நோய், பெயருள்ள நோயின் சட்டையை அணிந்துகொண்டு வந்து பார்வையைக் கொண்டுசெல்கிறது.

சொல் அமைத்துத் தருவோர் யார்? மருத்துவர் சிலர் முயன்றுள்ளனர். அவர்கள் ஆக்கிய கலைச்சொற்கள் நூலுக்குப் பொருந்தும், திண்ணைக்குப் பொருந்தா. பத்தாண்டுகளாய்ச் சொல்லை எடைபோட்டு, ஒரு வரியில் மிகையை நீக்கிப் பொருளை நிறுத்தும் பயிற்சி பெற்ற இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கு இது அறைகூவலாகும். தறியின்முன் அமர்ந்த அந்தப் பெண்ணிடம், காமிராவைக் கீழே வைத்துவிட்டு, களப்பணியாளர் இவ்வாறு கூறலாம்: "அக்கா, சர்க்கரை இருப்பதால் கண்ணுக்குள்ளே இருக்கிற நரம்பில் புதிதாய்க் குழாய் முளைத்திருக்கிறது. இப்போது வலிக்காது, பார்வையும் தெளிவாய்த்தான் இருக்கும். உடைந்தால் ஒரே நாளில் இருட்டிவிடும். புரை மாதிரி அறுத்துச் சரிசெய்ய முடியாது. இந்த வாரமே போய் லேசர் வைத்துக்கொண்டால், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். யாரோடு போகிறீர்கள்?" இறுதியில் உள்ள அந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் விட வலியது. போவது உறுதி என வைத்துக்கொண்டு, யாரோடு என்று மட்டுமே அது கேட்கிறது. படத்தையும் அவரிடமே காட்டினால், அவர் அறியாத ஒன்றுக்கு அவருடைய கண்ணே சாட்சி சொல்லும். மேற்கண்ட வாய்மொழியினும் செம்மையான ஒன்றைக் கவிஞர் ஆக்கக்கூடும், ஆக்க வேண்டும். அதை வட்டாரத்துக்கு ஏற்பவும் மாற்றவேண்டும். கொங்கு நாட்டுக்கு ஒருவகையாகவும் நெல்லைக்கு வேறுவகையாகவும் அது ஒலித்தல் நலம்.

அவைக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரங்கில் அமர்ந்திருப்போரிலும் நீரிழிவு உடையோர் இருத்தல் கூடும். அவர்களுடைய கண்ணும் இவ்வுரைக்கு அப்பாற்பட்டதன்று. நடுவயதில் பெரும்பாலோர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு, கண்டறியப்படும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் குடியேறியிருக்கக்கூடும். ஆதலால், நோய் உண்டெனத் தெரிந்த அன்றே கண்ணின் உட்புறத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையோ, மருத்துவர் கூறும் இடைவெளியிலோ அதைத் தொடரவேண்டும். நன்றாய்ப் படிக்க முடிகிறது என்பது நோயின்மைக்குச் சான்றன்று. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது விழித்திரைச் சோதனையும் அன்று. சோதனைக்காகப் பாவையை விரிக்கும் மருந்து இட்டால் சில மணி நேரம் எழுத்து மங்கும். அன்று வண்டி ஓட்டாமல் துணையோடு செல்வது நன்று. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, எந்தக் காமிராவுக்கும் முற்பட்ட காவலாகும்.

கருவி சிறுத்துவிட்டது, இனியும் சிறுக்கும். படத்தை எடுக்கும் கையும், அதைப் படிக்கும் அறிவும் ஊர்தோறும் பெருகும் காலம் இது. ஆனால் நூற்றில் நால்வரைப் பிரித்துக் காட்டியபின், அந்த நால்வரும் புறப்படும்படி சொல்லும் சொல் இன்னும் செம்மையாய் அமையவில்லை. 'கண்' என்பது இடத்தையும் குறிக்கும் மொழியில், கண்ணைக் காக்கும் கருவி உரிய இடத்துக்கு வந்தாயிற்று. உரிய சொல்லும் அவ்விடத்துக்கு வந்து சேரவேண்டும். அச்சொல்லைத் தேடும் பணியை இவ்வட்டம் தன் பதினோராம் ஆண்டின் முதற்பணியாய் ஏற்றுக்கொள்ளுமாயின், அதன் பயனைப் பல தறிக்காரரும் உழவரும் ஆசிரியரும் தம் பேரக்குழந்தைகளின் முகத்தில் காண்பர்.